பின்னல் துணி போர்த்திய பிரின்டர்

மூன்றாவது தாளும் வரிவரியாகத்தான் வெளியே வந்தது. மகள் யதுர்ஷிகாவின் பெயரில் மேல்பாதி இருந்தது, கீழ்ப் பாதி இல்லை. முகவரி இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. பிறந்த திகதிக்கு நேரே தலைமயிர் போல இரண்டு கோடுகள். அனோஜா தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பிள்ளைக்குப் பாதிப் பெயர்தான்.

"இன்னொருக்கா கிளீன் பண்ணிப் பாப்பம்," என்றான் அவளுடைய கணவன் பிரசாந்தன்.

"இதைத்தானே விடிஞ்சதிலையிருந்து செய்யிறியள்."

பிரசாந்தன் காதில் விழாதவன் போலப் பொத்தானை அமத்தினான். பிரின்டர் உள்ளுக்குள் ஏதோ இழுத்து, முனகி, இரண்டு தரம் இருமிவிட்டு அமைதியானது. அப்படி முனகும் ஒவ்வொரு முறையும் அது என்ன செய்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மை தெறிக்கும் துளைகள் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னன். அவற்றில் மை காய்ந்து அடைத்துவிட்டால், மிசின் தன்னிடம் இருக்கிற நல்ல மையை எடுத்து அந்தத் துளைகள் வழியே பலமாக உறிஞ்சித் தள்ளிக் கழுவிப் பார்க்கும். கழுவிய மை ஒரு பஞ்சுக்குள் போய் வீணாகும். அதாவது தாளில் ஒரு சொல் விழாமலே விடியற்காலையில் இருந்து மை தீர்ந்துகொண்டிருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது. ஆனால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டதில் அவர்களுடைய ஊரான முரசுமோட்டையில் வயல் எது, றோட்டு எது என்று தெரியவில்லை. கிளிநொச்சிப் பக்கம் பஸ் ஓடவில்லை. யதுர்ஷிகாவின் தாதியர் பயிற்சி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அன்றைய திகதியில் தபால் முத்திரை விழுந்தால் போதும் என்று அறிவித்தலில் போட்டிருந்தார்கள். நல்ல காலம், ஊருக்குள்ளேயே இருக்கிற சின்னத் தபாற்கந்தோர் திறந்திருந்தது. சனிக்கிழமை என்பதால் மத்தியானத்தோடு பூட்டிவிடும். உறை தயார், முத்திரை தயார். உறைக்குள் போட வேண்டியதுதான் இல்லை.

யதுர்ஷிகா இதை இவ்வளவுக்கு இழுத்தடித்தவள் இல்லை. போன கிழமையே, வெள்ளம் வருவதற்கு முன், கிளிநொச்சி ரவுணுக்குப் போய், காசுக்குப் பிரின்ட் எடுத்துத் தருகிற கொமினிகேசன் கடையில் அடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னாள். அனோஜாதான் மறித்தாள். வீட்டில் சாமான் இருக்கக் கடைக்காரனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். பிரின்டரைச் சும்மா சும்மா திறக்கவும் கூடாது, எல்லாம் நிரப்பி, பிழை திருத்தி, ஒரேயடியாகக் கடைசியில் அடிப்போம் என்றும் சொன்னாள். பிள்ளை தாய் சொல்லைக் கேட்டதால் வந்த வினை இது.

அந்தப் பிரின்டர் அந்த வீட்டுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருசம் பிரசாந்தன் நெளுக்குளத்தில் இருக்கிற தமையன் வீட்டுக்குப் போயிருந்தான். அங்கே விறாந்தையில் ஒரு கலர் பிரின்டர் இருந்தது. தமையனின் மகன் ஒரு பொத்தானை அமத்த, கோயில் தேர் நிறம் நிறமாகத் தாளில் இறங்கி வந்தது. திரும்பும் வழியிலேயே பிரசாந்தன் வவுனியாவில் ஒரு கடையில் ஏறிவிட்டான். கடைக்காரர் நவ்பர் பொறுமையான ஆள். அவர் முதல் கேட்ட கேள்வி, மாதத்துக்கு எத்தனை தாள் அடிப்பீர்கள் என்பதுதான்.

அது ஒரு சாதாரணக் கேள்வி. வைத்தியர் வயது கேட்பது போல. ஆனால் பிரசாந்தனின் காதில் அது, உனக்கு இதெல்லாம் தேவைதானா என்று கேட்பது போல விழுந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியப் பொறுப்பாக இருக்கிற மனிதன், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, மாதத்துக்கு இரண்டு தாள் என்று எப்படிச் சொல்வது. நிறைய அடிப்போம் என்று சொன்னான். நவ்பர் உடனே கறுப்பு மட்டும் அடிக்கிற லேசர் மிசின் ஒன்றைக் காட்டினார். மை இல்லை, பவுடர்தான், எத்தனை நாள் கிடந்தாலும் காயாது என்றார். கறுப்பு வெள்ளை கந்தோருக்குத்தான் சரி என்று பிரசாந்தன் அதைத் தள்ளிவிட்டான். ஆகவும் குறைந்த விலையில் கலர் எது என்று கேட்டான். பெட்டியில் ஒரு தாயும் தகப்பனும் பிள்ளையும் சிரிக்கிற படம் போட்டிருந்ததை எடுத்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ரீவிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு இருத்தினார்கள். பிள்ளையார் படம் ஒன்று அடித்துச் சாமியறையில் ஒட்டினார்கள். பிறகு அனோஜா வெள்ளை நூலில் தானே பின்னிய துணி ஒன்றை அதன் மேல் போர்த்தினாள். அந்த வீட்டில் ரீவிக்கு ஒரு பின்னல் துணி, றேடியோவுக்கு ஒன்று, கதிரைகளின் முதுகுக்கெல்லாம் ஒவ்வொன்று. கட்டிலின் மெத்தை உறை இன்னும் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பொலித்தீனோடுதான் இருந்தது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. யுத்தம் முற்றியபோது ஊர் ஊராகச் சாமான்களைக் கைவிட்டுக்கொண்டு நடந்தவள் அவள். தையல் மிசின் தர்மபுரத்திலேயே நின்றுவிட்டது. அலுமாரி ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, எங்கே இறங்கியது என்றே தெரியாமல் போனது. கடைசியில் அவளிடம் மிஞ்சியது இடுப்பில் இருந்த யதுர்ஷிகா மட்டும்தான். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு பொருளையும், அதுவும் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தோடுதான் அவள் வைத்திருந்தாள்.

அதனால் பிரின்டருக்கு இரண்டு காவல் போட்டாள். ஒன்று மின்னலுக்கு. வன்னியில் இடி இடித்தால் எல்லா வீட்டிலும் முதலில் செய்வது பிளக்கைக் கழற்றுவதுதான். அனோஜா இடி இல்லாத நாளிலும் கழற்றினாள். தாள் தட்டில் விழுந்ததும் விழாததுமாகச் சுவரில் இருந்து வயரை இழுத்துவிடுவாள். மற்றக் காவல் அயலுக்கு. எதிர்வீட்டு அருந்ததி முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். ஒருநாள் பென்ட்ரைவோடு வந்து, பிள்ளைகள் நிறம் தீட்ட ஒரு யானைப் படமும் ஒரு மயில் படமும் அடித்துத் தர முடியுமா, தாள் நான் கொண்டுவந்திருக்கிறேன் என்று கேட்டாள். மை முடிஞ்சுபோச்சு அக்கா என்று அனோஜா முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அப்போது மை முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து அதே பதிலோடு போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. தொல்லை விட்டது என்றுதான் அனோஜா நினைத்தாள்.

நான்காவது முறை கழுவிய பிறகு பிரின்டர் தாளை இழுக்கவே இல்லை. சின்னத் திரையில் சிவப்பாக ஒரு அடையாளம் எரிந்தது. யதுர்ஷிகா குனிந்து வாசித்தாள்.

"மஞ்சள் முடிஞ்சுதாம்."

"மஞ்சளுக்கு இஞ்சை என்ன வேலை," என்றான் பிரசாந்தன். "விண்ணப்பம் கறுப்பு எழுத்துத்தானே. கறுப்பு இருக்குதோ?"

"கறுப்புக் கொஞ்சம் இருக்கு. ஆனால் மஞ்சள் போட்டால்தான் கறுப்பும் அடிக்குமாம்."

பிரசாந்தன் கதிரையில் இருந்துவிட்டான். கறுப்புக் கேட்டவனுக்கு மஞ்சள் இல்லாமல் தரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற மிசினை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. அந்த மாதிரிப் பிரின்டர்கள் பல அப்படித்தான். எல்லா நிறமும் ஒரே தலையில் ஓடுவதால், ஒன்று வற்றினாலும் மற்றதையும் நிறுத்திவைக்கும். பெட்டியில் சிரித்த தாயும் தகப்பனும் பிள்ளையும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

யதுர்ஷிகா போனில் எதையோ தேடி வாசித்துக்கொண்டிருந்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய முகம் இறுகியது.

"அம்மா, நீங்கள் அடிச்சு முடிஞ்ச உடனே வயரைப் பிடுங்கிறனீங்கள் என்ன?"

"ஓம். மின்னல் அடிச்சு எரிஞ்சு போகாமல்தான்."

"முதல் மிசினிலை இருக்கிற சுவிச்சாலை நிப்பாட்ட வேணுமாம். அப்பதான் மை வாற தலை தன்ரை இடத்துக்குப் போய் மூடியிலை குந்துமாம். சுவரிலை பிடுங்கினால் அது நடுவழியிலை திறந்தபடி நிண்டு காஞ்சு போகுமாம். அதோடை கிழமைக்கொருக்கா எண்டாலும் ஒரு தாள் அடிக்க வேணுமாம். நாங்கள் எத்தினை மாசமாத் தொடேல்லை?"

அனோஜாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு கவனமாக வைத்திருந்த ஒரு பொருள், கவனமாக வைத்ததாலேயே பழுதாகும் என்றால், அது என்ன பொருள். பேனைக்கு மூடி போடாமல் மேசையில் வைத்தால் முனை காய்வது அவளுக்குத் தெரியும். இந்தப் பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு முனையும் மூடியும் இருக்கும் என்று யார் கண்டது. துணியைப் போட்டு வெளியை மூடினாள். மூட வேண்டியது உள்ளே திறந்து கிடந்தது.

"சரியம்மா, அடுத்த முறை விண்ணப்பம் கூப்பிடேக்கை போடுவம்," என்றாள் யதுர்ஷிகா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் உறையை எடுத்து, எழுதிய விலாசம் கீழே போகும்படி கவிழ்த்து வைத்தாள்.

அதைப் பார்த்தபோதுதான் அனோஜா எழுந்தாள்.

"போனை எடு. வா என்னோடை."

"எங்கை?"

"அருந்ததி அக்கா வீட்டை. அங்கை ஒரு மிசின் நிக்குதாம் எண்டு கதை."

"நீ போகாதை. நான் போறன்," என்றான் பிரசாந்தன். அருந்ததியை வெறுங்கையோடு அனுப்பியது அவனுக்கும் தெரியும்.

"நீங்களோ இல்லையெண்டு சொன்னது? நான்தானே சொன்னது," என்று சொல்லிவிட்டு அனோஜா படலையைத் திறந்தாள்.

ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். யதுர்ஷிகா போனையும் உறையையும் பொலித்தீன் பையில் போட்டுத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். அனோஜா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். பத்து யார் தூரம்கூட இல்லாத ஒழுங்கை. அதைக் கடந்து அவள் அந்த வீட்டுக்குள் போய் ஒரு வருசமாகிறது.

அருந்ததியின் விறாந்தையில், சன்னலுக்குக் கீழே, பழைய லேசர் பிரின்டர் ஒன்று இருந்தது. துணி போர்த்தவில்லை. ஒரு மூலை வெடித்து ஒட்டுநாடா சுற்றியிருந்தது. பக்கத்தில் கதிரையில் அதே ஊர் வயல்காரர் வீரகத்தியர் இருந்தார். வெள்ளத்தில் அழிந்த வயலைப் படமெடுத்து, அதோடு நட்டஈடு கேட்டு விவசாயிகளுக்கான கமநல நிலையத்துக்குக் கொடுக்க ஒரு கடிதம் அடிக்க வந்திருந்தார். அனோஜாவைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, உங்கடை வீட்டிலை கலர் மிசின் எல்லோ நிக்குது. கறுப்பு அடிக்கவோ இஞ்சை வந்தனீர்?"

அனோஜா நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே நின்றாள். விசயத்தைச் சொன்னது யதுர்ஷிகாதான். விண்ணப்பம், கடைசி நாள், மத்தியானத்தோடு பூட்டுகிற தபாற்கந்தோர். அருந்ததி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அனோஜாவின் பக்கம் திரும்பினாள்.

"மை இருக்கோ எண்டு கேட்காமலே வந்திட்டியே."

அது பகிடியா குத்தலா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும்தான்.

"அண்டைக்கு மை இருந்தது, அக்கா," என்றாள் அனோஜா. "நான்தான் இல்லையெண்டு சொன்னனான்."

வீரகத்தியர் கையால் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தை வாசிப்பது போல முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்," என்றாள் அருந்ததி. "அடுத்த கிழமை உன்ரை மனுசன் கோயிலடியிலை கலர் நோட்டீஸ் ஒட்டினவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபத்திலைதான் நாங்கள் நாலு வீடு சேர்ந்து காசு போட்டு இதை வேண்டினது. நீ தந்திருந்தால் நாங்கள் இதைப் பற்றி நினைச்சிருக்கவே மாட்டம்." பிறகு யதுர்ஷிகாவிடம் கையை நீட்டினாள். "போனைத் தா பிள்ளை. ஐயாவின்ரை கடிதம் பேந்து போகும். அவரின்ரை நெல் எப்பிடியும் அழிஞ்சுதானே போச்சு."

"அழிஞ்சதுதான்," என்றார் வீரகத்தியர். "பிள்ளைக்கு முதல் அடி."

அருந்ததி போனை மடிக்கணினியோடு இணைத்துப் பொத்தானை அமத்தினாள். விறாந்தையில் எரிந்த பல்பு ஒரு கணம் மங்கித் திரும்பவும் எரிந்தது. அனோஜா திடுக்கிட்டாள். பயப்பட ஒன்றும் இல்லை. லேசர் பிரின்டருக்குள் ஒரு சூடான உருளை இருக்கிறது. அது சூடாகும்போது கறண்டைக் கொஞ்சம் கூடவே இழுக்கும். முதலில் கறுப்புப் பவுடர் எழுத்தின் உருவத்தில் தாளில் ஒட்டும். பிறகு அந்தச் சூட்டு உருளை பவுடரை உருக்கித் தாளோடு பிடிக்கவைக்கும். ஈரம் என்று அதில் எதுவுமே இல்லை. ஒரு மாதம் தொடாமல் கிடந்தாலும், அடுத்த நாளே அடித்தாலும், அதற்கு ஒன்றுதான்.

தாள் வந்தது. இரண்டாவது தாளும் வந்தது. அனோஜா கையில் வாங்கியபோது அது தோசைக்கல்லில் இருந்து எடுத்தது போலச் சூடாக இருந்தது. பெயர் முழுதாக இருந்தது. முகவரி முழுதாக இருந்தது. யதுர்ஷிகா கதிரையின் கையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் போட்டு முடிக்கிற வரைக்கும் அருந்ததி அந்த மிசின் வந்த கதையைச் சொன்னாள். அவர்களும் அதே நவ்பரின் கடைக்குத்தான் போயிருக்கிறார்கள். அவர் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். ஒரு வீட்டுக்கு மாதம் நாலைந்து தாள், சில மாதம் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் மை மிசினைத் தொடாதேங்கோ என்றாராம். உங்களுக்குப் பக்கத்தில் கொமினிகேசன் கடை இருந்தால் மிசினே தேவையில்லை, அங்கேயே அடியுங்கோ என்றும் சொன்னாராம். தனக்கு வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரனை அருந்ததி அன்றுதான் கண்டாள். கடை தூரம், மழைக்காலத்தில் றோட்டே இல்லை என்று இவர்கள் சொன்ன பிறகுதான், ஒரு கந்தோர் பாவித்துக் கழித்த லேசர் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். கலர் வராது, படம் வடிவாக வராது, ஆனால் எழுத்து ஒருநாளும் ஏமாற்றாது என்றாராம்.

"பிள்ளையளுக்கு யானை கறுப்பு வெள்ளையிலை வந்தால்தானே நிறம் தீட்டலாம்," என்று முடித்தாள் அருந்ததி. "அண்டைக்கு உன்னட்டைக் கேட்டதுகூடக் கறுப்பிலைதான்."

தபாற்கந்தோரில் பதிவுத் தபாலுக்கு அன்றைய முத்திரை விழுந்தது. யதுர்ஷிகா துண்டை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். வரும் வழியில் தாயும் மகளும் தண்ணீருக்குள் காலை வைத்து நடப்பதிலேயே கவனமாக வந்தார்கள்.

வீட்டில் பிரசாந்தன் சும்மா இருக்கவில்லை. முத்திரை விழுந்துவிட்டது என்று கேட்டு நிம்மதியாக மூச்சுவிட்டான். பிறகு போனை நீட்டினான். மை ஊற்றி நிரப்புகிற தொட்டி வைத்த புது மொடல் ஒன்று வந்திருக்கிறது, கலரும் வரும், போனில் இருந்தே அடிக்கலாம், தமையனும் அதைத்தான் மாற்றி வாங்கப்போகிறானாம், வெள்ளம் வத்தினதும் வவுனியாவுக்குப் போய் வரலாம் என்றான். அந்தத் தொட்டி மிசின் தினமும் கட்டுக்கட்டாக அடிக்கிறவர்களுக்கு அருமையான சாமான்தான். ஆனால் தொட்டியில் இருந்தாலும் போத்தலில் இருந்தாலும் மை மைதான். ஓடாமல் கிடந்தால் அதுவும் காயும்.

அனோஜா போனைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து, பிரின்டரோடு வாங்கி, இன்னும் முக்கால்வாசி மிஞ்சியிருந்த தாள்கட்டை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டாள்.

"அதை எங்கை கொண்டுபோறாய்?"

"அருந்ததி அக்கா வீட்டை. ஐந்தாவது வீடாய் எங்களையும் சேர்ப்பியளோ எண்டு கேக்கப் போறன். சேர்க்காட்டிலும் தாளைக் குடுத்திட்டு வருவன்."

"அப்ப எங்கடை வீட்டிலை ஒண்டும் வேண்டாமோ? ஆராவது வந்தால் என்ன நினைப்பினம்?"

அனோஜா நின்றாள். விடிந்ததில் இருந்து அடக்கி வைத்த எரிச்சல் எல்லாம் அந்தக் கேள்வியில் வந்து முட்டியது. ஆனால் அவள் சத்தம் போடவில்லை.

"வாறவை என்ன நினைப்பினம் எண்டு யோசிச்சுத்தானே நீங்கள் அதை வேண்டினது. ஆரும் கேட்டிடுவினமோ எண்டு பயந்துதானே நான் அதை மூடினது. எத்தினை தாள் அடிப்பியள் எண்டு அந்த மனுசன் கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லியிருந்தால், இந்த வீட்டுக்கு அது வந்தே இராது. வந்த பிறகெண்டாலும் அயலுக்குக் குடுத்திருந்தால், கிழமைக்கு நாலு தாள் ஓடியிருக்கும், மையும் காஞ்சிருக்காது. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சாமானைக் கெடுத்ததோடை நிக்காமல் பிள்ளையின்ரை காரியத்தையும் கெடுக்கப் பாத்தம். இனி இந்த வீட்டுக்கு எது வேண்டுறதெண்டாலும், அது எங்களுக்கு எத்தினை தரம் தேவைப்படும், ஆர் ஆருக்கு உதவும் எண்டு முதல் கணக்குப் பாருங்கோ. ஊர் பாக்கிறதுக்கு வேண்டிப் பூட்டி வைக்கிற சாமான், வேண்டின அண்டே பழுது."

பிரசாந்தன் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தான். அனோஜா தாள்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நனையாதபடி உயர்த்திப் பிடித்தவாறு, திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினாள்.